264 பைட் கேட்டால் 512 போகிறதா? கெர்னல் மெமரியில் முதல் சிக்கனம்

லினக்ஸ் கெர்னலுக்கு இப்போதுதான் மாட்யூல் எழுதத் தொடங்கியிருக்கிறீர்களா? சி மொழியில் ஸ்ட்ரக்ட், பாயிண்டர் தெரிந்தால் போதும். சோதனையை வர்ச்சுவல் மெஷினில் செய்யுங்கள். அன்றாடம் புழங்கும் லேப்டாப்பில் வேண்டாம்.

கெர்னலுக்குள் மெமரி கேட்டு வாங்கும் ஃபங்ஷன் கேமல்லாக் (kmalloc). அது நாம் கேட்ட அளவை அப்படியே தருவதில்லை. 64, 96, 128, 192, 256, 512 என்று சில அளவுகளில்தான் துண்டு வைத்திருக்கும். கால்படி கேட்டாலும் அரைப்படியால்தான் அளப்பேன் என்கிற கடை மாதிரி. ஸ்ட்ரக்ட் 264 பைட் என்றால் 512 பைட் துண்டு போய்விடும், 248 பைட் வீண். ஒரு லட்சம் ஆப்ஜெக்ட் இருந்தால் சுமார் 24 எம்பி. ஸ்வாப்புக்கும் (டிஸ்க்கில் ஒதுக்கும் இடம்) தள்ள முடியாத மெமரி அது.

படி 1: பாருங்கள். கெர்னல் மெமரித் துண்டுகளைப் பட்டியலிடும் ஸ்லாப்டாப் (slabtop) கட்டளையை ரூட் உரிமையோடு ஓட்டி, மாட்யூலை ஏற்றும் முன்னும் பின்னும் கேமல்லாக்-512 வரியைக் கவனியுங்கள். எண்ணிக்கை எகிறினால் அது உங்கள் வேலைதான். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: பயன்பாடு 100% என்று காட்டும். துண்டு கொடுக்கப்பட்டுவிட்டதா என்பதுதான் அதற்குத் தெரியும். உள்ளே பாதி காலி என்பது தெரியாது.

படி 2: ஸ்ட்ரக்டை அடுக்குங்கள். டீபக் தகவலோடு கம்பைல் செய்து, பஹோல் (pahole) கருவியில் கொடுங்கள். எங்கெங்கே ஓட்டை என்று வரிவரியாகச் சொல்லும். 64 பிட் மெஷினில் இரண்டு பாயிண்டருக்கு நடுவே 1 பைட் ஃப்ளாக் வைத்தால் 7 பைட் சும்மா கிடக்கும். அப்படித் தனித்தனியே கிடக்கும் இரண்டு ஃப்ளாகை ஒன்றாகச் சேர்த்தாலே 8 பைட் மிச்சம். 264 இப்போது 256. 4096 பைட் மெமரிப் பக்கம் (பேஜ்) ஒன்றுக்கு 8 ஆப்ஜெக்ட் இருந்த இடத்தில் 16! பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடலாம்.

படி 3: அப்படியும் அடங்கவில்லையா? கேமெம்_கேஷ்_கிரியேட் (kmem_cache_create) மூலம் உங்கள் அளவுக்கே தனி கேஷ், அதாவது ஒரே அளவுத் துண்டுகளின் இருப்பு, வையுங்கள். 4096 பைட் பக்கத்தில் 264 பைட் ஆப்ஜெக்ட் 15 அடங்கும், 136 பைட்தான் மீதி. 1994-இல் ஜெஃப் பான்விக் சோலாரிஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்காகச் செய்த யோசனை இது. பத்துப் பதினைந்து ஆப்ஜெக்டுக்காக இதைச் செய்யாதீர்கள், வீண் வேலை.

அப்புறம், புது கேஷ் பெயர் ஸ்லாப்டாப்பில் வரவில்லையே என்று நான் அரை நாள் தேடியிருக்கிறேன். ஒரே மாதிரி அளவுள்ள கேஷ்களைக் கெர்னல் ஒன்றாக இணைத்துவிடும், பழைய பெயர்தான் தெரியும். ஸ்லாப்_நோமெர்ஜ் (slab_nomerge) என்று கெர்னலின் பூட் வரியில் சேர்த்து, மெஷினை மறுபடி பூட் செய்து மாட்யூலை ஏற்றிப் பாருங்கள், வந்துவிடும்.