போர் பேசும் மொழியைக் கவிதையிலும் படத்திலும் இசையிலும் ஆராய்வது எப்படி?

போரைப் பற்றிய எந்தப் படைப்பும் யாரையோ எதற்கோ இணங்க வைக்க முயல்கிறது. படையில் சேரச் சொல்லும், இழப்பைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும், அல்லது போரையே வெறுக்கச் சொல்லும். அந்த முயற்சி எந்தச் சொல்லில், எந்தக் காட்சியில், எந்த ஒலியில் நடக்கிறது என்று கண்டறிவதுதான் இந்தப் படிப்பு. பல போர்களிலிருந்து பத்துப் படைப்புகளைத் திரட்டித் திணறுவதைவிட, ஒரே போரைத் தேர்ந்து, அதைப் பற்றிய ஒரு கவிதை, ஒரு படம், ஓர் இசைப் படைப்பு ஆகியவற்றை ஆழ்ந்து பார்ப்பது நல்லது. இங்கே முதல் உலகப் போரை எடுத்துக்கொள்கிறேன்.

கவிதையிலிருந்து தொடங்குங்கள். பிரிட்டிஷ் படை அதிகாரியான வில்ஃப்ரெட் ஓவன், 1917இல் எடின்பரோ அருகே ஒரு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றபோது ‘டல்சே எட் டெக்கோரம் எஸ்ட்’ என்ற கவிதையை எழுதினார். நச்சுவாயுத் தாக்குதலில் முகமூடியை நேரத்துக்கு அணிய முடியாமல் போன ஒரு வீரனின் சாவைச் சொல்லும் கவிதை அது. முதலில் அதை வாய்விட்டுப் படியுங்கள். அடுத்து, தன்மை, முன்னிலைச் சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். சேற்றில் தள்ளாடி நடப்பவர்கள் ‘நாங்கள்’. மூச்சுத் திணறுபவனைப் பார்த்து நிற்பவன் ‘நான்’. இறுதிப் பகுதியில் பேச்சு ‘நீ’ என்று திரும்பிவிடுகிறது. அந்த ‘நீ’ யார்? ஓவனின் கைப்படிகளில் ‘ஜெஸ்ஸி போப்புக்கு’ என்ற குறிப்பு இருக்கிறது. போரை விளையாட்டுப் போட்டியாகக் காட்டி இளைஞர்களைப் படைக்கு அழைத்துப் பாடல்கள் எழுதிய கவிஞர் இந்த ஜெஸ்ஸி போப். ஆகவே, ஒரு போர்க்கவிதையைப் படிக்கும்போது அது எந்தக் கவிதைக்கு மறுமொழி சொல்கிறது என்று தேடி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

கவிதையின் தலைப்பு ரோமானியக் கவிஞர் ஹொரேஸின் ஒரு லத்தீன் அடியின் தொடக்கம். நாட்டுக்காக மடிவது இனியது, தகவுடையது என்பது அந்த அடியின் பொருள். ஓவன் அதைப் பழைய பொய் என்கிறார். இந்த இடத்தில் தமிழ் வாசகருக்குக் கையில் ஓர் அளவுகோல் உண்டு. புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார், ‘ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே’ என்று தொடங்கி, தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் மகனுக்கும் உரிய கடன்களை வரிசையாக வைக்கிறார். ஐந்து முறை வரும் ‘கடனே’ என்ற முடிபுதான் அப்பாட்டின் வலிமை. கேட்பவர் மறுக்க நினைப்பதற்குள் அடுத்த கடன் வந்துவிடுகிறது. ஆனால் மகனுக்குச் சொல்லப்பட்ட கடன் ‘களிறு எறிந்து பெயர்தல்’, அதாவது யானையை வீழ்த்திவிட்டுத் திரும்பி வருதல். மடிதல் என்ற சொல்லே அங்கு இல்லை. ஹொரேஸ் சாவை இனிமை என்கிறார். பொன்முடியாரின் பாட்டில் பேசும் தாய் போரைக் கடன் என்கிறாள், சாவைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒரு படைப்பு எதைச் சொல்லாமல் விடுகிறது என்று குறித்துக்கொள்வதை நான் எல்லாவற்றிலும் முதன்மையான பயிற்சியாகக் கருதுகிறேன்.

படத்துக்கு ‘தி பேட்டில் ஆஃப் தி சோம்’ பொருத்தமானது. 1916 ஜூலை 1 அன்று பிரான்சின் சோம் ஆற்றுப் பகுதியில் சோம் போர் தொடங்கியது. அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 19,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஜெஃப்ரி மாலின்ஸ், ஜான் மெக்டவல் ஆகியோர் எடுத்த இப்படம், போர் நடந்துகொண்டிருந்த ஆகஸ்ட் மாதத்திலேயே லண்டன் திரையரங்குகளுக்கு வந்துவிட்டது. வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து ஏறிப் பாயும் புகழ்பெற்ற காட்சி, போர்முனைக்குப் பின்னால் நடித்து எடுக்கப்பட்டது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. அதே படத்தில் காயம்பட்டவர்களும் பிணங்களும் உண்மையானவர்கள். எனவே உண்மையா பொய்யா என்று ஒரே வீச்சில் தீர்ப்புச் சொல்லாமல், காட்சி காட்சியாகப் பிரித்து, ஒளிப்படக் கருவி எங்கே நின்றிருக்க முடியும், இடையில் வரும் எழுத்து அட்டை நம்மை எதை நம்பச் சொல்கிறது என்று கேளுங்கள். இது பேசாப்படம், அந்நாளில் அரங்கில் இசைக்கலைஞர்கள் உடனிருந்து வாசித்தார்கள். இன்று கிடைக்கும் படிகளில் கேட்கும் இசை பின்னர் சேர்க்கப்பட்டது. முதல் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மறுமுறை இசையோடு பார்த்து, உங்கள் மனம் எந்தக் காட்சியில் மாறியது என்று எழுதுங்கள்.

இசைக்கு, ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் ‘வார் ரெக்வியம்’. 1940 நவம்பரில் குண்டுவீச்சில் அழிந்த, இங்கிலாந்தின் காவன்ட்ரி நகரப் பேராலயத்துக்குப் பதிலாக எழுப்பப்பட்ட புதிய ஆலயத்தில், 1962 மே 30 அன்று அது அரங்கேறியது. இறந்தோருக்கான லத்தீன் வழிபாட்டுப் பாடலுக்கு நடுவே ஓவனின் ஒன்பது கவிதைகளைப் பிரிட்டன் கோத்திருக்கிறார். முழு இசைக்குழுவும் பெருங்குழுப் பாடகர்களும் லத்தீனைப் பாட, இரண்டு ஆண்குரல்கள் சிறு இசைக்குழுவோடு ஓவனைப் பாடுகின்றன; சிறுவர்களின் குரல் தொலைவிலிருந்து வருகிறது. மூன்றையும் ஒன்றாகக் கேட்டால் குழம்பும். ஒவ்வொரு முறையும் ஓர் அடுக்கை மட்டும் பின்தொடருங்கள். குறிப்பாக, காணிக்கைப் பாடலான ‘ஆஃபர்டோரியம்’ பகுதியில் நெடுநேரம் தங்குங்கள். விவிலியக் கதையில், மகனைப் பலியிடத் துணிந்த ஆபிரகாமைக் கடவுள் தடுக்க, அவர் மகனுக்குப் பதிலாக ஓர் ஆட்டைப் பலியிடுகிறார். ஆபிரகாமுக்குக் கடவுள் தந்த வாக்கை லத்தீன் கொண்டாடியதும், ஓவனின் கவிதையில் கிழவர் ஆட்டை ஏற்க மறுத்து மகனையே வெட்டுகிறார், ஐரோப்பாவின் பிள்ளைகளில் பாதியையும் ஒவ்வொருவராக. அந்த வரி திரும்பத் திரும்ப ஒலிக்கும்போதே சிறுவர்கள் பலியை ஏற்றருளும்படி லத்தீனில் பாடுகிறார்கள். அதன்பின் முதலில் முழங்கிய லத்தீன் இசை திரும்பி வருகிறது, இம்முறை தணிந்த குரலில். சொற்கள் மாறவில்லை, ஒலியின் அளவு மாறியதால் பொருள் மாறிவிட்டது.

குறிப்பேட்டில் ஒவ்வொரு படைப்புக்கும் எழுதப்பட்ட ஆண்டையும் வெளிவந்த ஆண்டையும் தனித்தனியே குறியுங்கள். ஓவன் 1918 நவம்பர் 4 அன்று, போர் ஓய ஒரு வாரம் இருக்கையில் கொல்லப்பட்டார். மேற்சொன்ன கவிதை 1920இல்தான் அச்சேறியது. ஆக, போர்க்காலத்தில் மக்களை எட்டியது ஜெஸ்ஸி போப்பின் குரல். ஓவனின் குரல் பின்னர் வந்தவர்களுக்குக் கேட்டது. முதல் கட்டுரையை எழுதும்போது ஒரு சொல், ஒரு காட்சி, ஓர் இசைத் தருணம் என்ற மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் யாரிடம் பேசியது, அவர்கள் அதை எப்போது கேட்டார்கள் என்பதை எழுதுங்கள்.