ஆர்22 பயிற்சி ஹெலிகாப்டரில் பறக்கும் நேரத்தைக் கணக்கிடும் முறை

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் டோரன்ஸ் நகரில் தயாராகும் ராபின்சன் ஆர்22 பீட்டா 2, இருவர் அமரும் பிஸ்டன் ஹெலிகாப்டர். இதில் எவ்வளவு நேரம் பறக்கலாம் என்று பார்ப்பவர்கள் பெரும்பாலும் எரிபொருள் தொட்டியிலிருந்தே கணக்கைத் தொடங்குகிறார்கள். இடத்தின் உயரம், வெப்பநிலை, எடை ஆகியவற்றை முதலில் முடித்துவிட்டு எரிபொருளுக்குக் கடைசியில் வருவதே சரியான வரிசை. எவ்வளவு எரிபொருளை ஏற்றலாம் என்பதை அவைதாம் முடிவு செய்கின்றன.

முதலில் அடர்த்தி உயரத்தை, அதாவது காற்றின் அடர்த்தியை வைத்துப் பார்த்தால் ஹெலிகாப்டர் எந்த உயரத்தில் இருப்பதாக உணரும் என்பதை, கண்டுபிடிக்க வேண்டும். கடல்மட்டத்தில் 15 பாகை செல்சியஸ் என்று தொடங்கி, ஒவ்வோர் 1,000 அடிக்கும் 2 பாகை குறைத்தால் அந்த உயரத்துக்குரிய நியம வெப்பநிலை கிடைக்கும். உண்மையான வெப்பநிலை அதைவிட மிகும் ஒவ்வொரு பாகைக்கும் 120 அடியைக் கூட்ட வேண்டும். கலிஃபோர்னியாவின் பிக் பேர் விமானநிலையம் 6,752 அடி உயரத்தில் உள்ளது. காற்றழுத்தம் நியம அளவில் இருக்கும் நாளில் அங்கு 27 பாகை வெயில் அடித்தால், ஹெலிகாப்டர் உணரும் உயரம் ஏறத்தாழ 9,800 அடியாகிவிடும்.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு, எந்த எடையுடன் எந்த உயரம்வரை ஒரே இடத்தில் மிதக்க முடியும் என்று காட்டும், கையேட்டில் உள்ள மிதப்பு உயர வரைபடத்தில் அனுமதிக்கப்படும் எடையைப் பார்க்கவும். தரைக்கு அருகே, தரையில் மோதும் காற்றின் உதவியுடன் மிதப்பதற்கும், அந்த உதவியின்றி உயரே மிதப்பதற்கும் தனித்தனி வரைபடங்கள் உண்டு. மரங்கள் சூழ்ந்த இடத்தில் இறங்கும் எண்ணமிருந்தால் இரண்டாவதையே நம்ப வேண்டும்.

லைகோமிங் ஓ-360 எஞ்சினின் திறன் இதில் வேண்டுமென்றே குறைத்து வரையறுக்கப்பட்டுள்ளது: தொடர்ச்சியாக 124 குதிரைத்திறன், புறப்படும்போது ஐந்து நிமிடத்துக்கு மட்டும் 131. தாழ்வான இடங்களில் எஞ்சின் இந்த வரம்பைத் தாண்டியும் இழுக்கும் என்பதால், எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மேனிஃபோல்டு அழுத்தமானியைப் பார்த்து வரம்பைக் காப்பது விமானியின் பொறுப்பு. மிக உயரமான இடத்திலோ நிலைமை தலைகீழ். அழுத்தம் வரம்பை எட்டும் முன்பே, எஞ்சினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் முழுதாகத் திறந்துவிடும். அதற்கு மேல், ஹெலிகாப்டரை மேலெழுப்பும் நெம்புகோலான கலெக்டிவை உயர்த்தினால் ரோட்டரின் வேகம்தான் குறையும். எஞ்சின் வேகத்தைத் தானாகக் காக்கும் கவர்னர் சத்தமில்லாமல் த்ராட்டிலைத் திறந்துகொண்டே போவதால் புதிய மாணவருக்கு இது தெரிவதில்லை. ஆகவே புறப்பட்டவுடன் இரண்டடி உயரத்தில் மிதந்து, அப்போதைய மேனிஃபோல்டு அழுத்தத்துக்கும், அதற்கான அட்டவணை தரும் வரம்புக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்வது நல்லது.

அடுத்தது எடை. அதிகபட்ச எடை 622 கிலோ. வெற்று எடை 395 கிலோ என்றும், பயிற்சியாளரும் மாணவரும் தலா 85 கிலோ என்றும் கொண்டால், எரிபொருளுக்கு மிஞ்சுவது 57 கிலோ. விமானப் பெட்ரோல் லிட்டருக்கு 0.72 கிலோ என்பதால் இது சுமார் 79 லிட்டர். வரைபடம் 600 கிலோவை மட்டுமே அனுமதித்தால் 48 லிட்டருடன் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இனி நேரம். மணிக்கு 34 லிட்டர் செலவாகும் என்று கொண்டால், 48 லிட்டர் 85 நிமிடத்துக்கு வரும். அமெரிக்க விதிப்படி பகலிலும் இரவிலும் காட்சிவழிப் பறப்பில் (வெளியே கண்ணால் பார்த்துப் பறப்பதில்) ஹெலிகாப்டருக்கு 20 நிமிடக் கையிருப்பு வேண்டும். 30 நிமிடம் வைத்திருப்பதே என் பரிந்துரை. எஞ்சினைச் சூடாக்குவதற்கான செலவையும் கழித்தால் பாடத்துக்கு 45 நிமிடமே மிஞ்சுகிறது. எரிபொருள் குறைவு விளக்கு எரிந்தால் சுமார் ஐந்து நிமிடமே மீதமிருக்கும்; அதைத் திட்டமிடும் கருவியாகக் கருதவே கூடாது.

இறங்கியபின் உடனே எஞ்சினை நிறுத்திவிடக் கூடாது. சிலிண்டர் வெப்பம் தணிந்ததும் எஞ்சினை ரோட்டருடன் இணைக்கும் கிளட்சை விடுவித்து, 30 விநாடி கழித்து எரிபொருள் கலவையை நிறுத்தி, மேலும் 30 விநாடி கழித்தே ரோட்டர் பிரேக்கைப் போட வேண்டும். பிறகு, ஓடிய மணிகளைக் காட்டும் மணிமானியின் எண்ணைப் பதிவேட்டில் எழுதவும். 2,200 மணி அல்லது 12 ஆண்டு, எது முந்துகிறதோ அப்போது முழுச் சீரமைப்பு செய்ய வேண்டியிருப்பதால், இந்தப் பதிவில் தோராயத்துக்கு இடமில்லை.