வீட்டு வரைபடத்தில் பொது இடத்தையும் தனி இடத்தையும் பிரிப்பது எப்படி?

புதிதாக வரைபடம் போடுவோர் பெரும்பாலும் அறைகளின் பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள். யார் வீட்டுக்குள் எதுவரை வரலாம் என்பதை முதலில் முடிவுசெய்தால் வேலை எளிதாகும். 30-க்கு 40 அடி மனையில் இரண்டு படுக்கையறை வீடு கட்டுவதாக வைத்துக்கொள்வோம்.

படி 1: வருவோரை எழுதுங்கள். மின் கணக்கெடுப்பவர், எரிவாயு உருளை கொண்டுவருபவர், அண்டை வீட்டார், வீட்டு வேலைக்கு வருபவர், தங்கிச் செல்லும் உறவினர் என ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லையைக் குறியுங்கள். மின் மீட்டர் வெளிச்சுவரில் இருந்தால், முதலாமவர் உள்ளே வரவேண்டியதே இல்லை.

படி 2: தெருவிலிருந்து பின்புறம் நோக்கிப் பொது, இடைநிலை, தனி என மூன்று பகுதிகளைப் பென்சிலால் பிரியுங்கள். செட்டிநாட்டு வீடுகளில் திண்ணை, முகப்பு (வருவோரை வரவேற்கும் முன்பகுதி), வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாம் கட்டு (அதற்கு அடுத்த உட்பகுதி) என்று இந்த வரிசை தெளிவாகத் தெரியும். அங்கே வாசல்கள் ஒரே நேர்க்கோட்டில் அமைந்திருப்பதால் தலைவாசலில் நிற்பவரின் பார்வை பின்கட்டு வரை போகும். ஆனால் அறைகள் முற்றத்தின் இருபுறமும் ஒதுங்கியிருப்பதால் அவற்றின் உட்புறம் அவருக்குத் தெரியாது. அந்த நேர்க்கோட்டை மட்டும் சிறிய மனைக்குக் கொண்டுவந்தால், தலைவாசலில் நிற்பவருக்குக் கழிப்பறைக் கதவுதான் தெரியும். இன்றைய வரைபடங்களில் இதை அடிக்கடி காண்கிறோம்.

படி 3: இதுவே முக்கியமான படி. தலைவாசல் முழுவதும் திறந்திருப்பதாகக் கொண்டு, அங்கே நிற்பவரின் இடத்திலிருந்தும், பிறகு கூடத்து நாற்காலியிலிருந்தும், திறப்புகளின் வழியே அளவுகோலால் கோடுகள் இழுங்கள். கோடு தொடும் இடத்துக்குப் படுக்கையறை என்று பெயரிட்டிருந்தாலும் அது பொது இடமே. கதவை இரண்டடி தள்ளுவதோ, கீலை மறுபக்கம் மாற்றுவதோ பல நேரங்களில் போதும். போதாதபோது, மூன்றடி அகல நடைவழி ஒன்றை விட்டு, படுக்கையறைக் கதவுகளை அதற்குள் திறக்கச் செய்யுங்கள். விருந்தினருக்கான கழிப்பறை இந்த நடைவழிக்கு முன்னதாகவே, உணவு மேசையை நேராகப் பாராமல் அமையட்டும்.

படி 4: ஒலியையும் கவனியுங்கள். நாலரை அங்குலச் சுவரின் ஒருபுறம் தொலைக்காட்சியும் மறுபுறம் கட்டிலின் தலைமாடும் வேண்டாம்.

படி 5: மாடியைப் பின்னாளில் வாடகைக்கு விடும் எண்ணமிருந்தால், படிக்கட்டை இப்போதே வெளிப்புறத்தில் அமையுங்கள். கூடத்துக்குள் ஏறும் படிக்கட்டு இருந்தால், குடிவருபவர் நாள்தோறும் உங்கள் கூடத்தைக் கடந்துதான் போகவேண்டும்.