சிக்கிள் செல் வலி: புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

கூடலூர் பக்கம் வேலைக்கு வரும் புது டாக்டர்களும் நர்ஸுகளும், முதல் வருஷம் நான் செய்ததையே திரும்பச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நீலகிரிப் பழங்குடியினரிடம் சிக்கிள் செல், அதாவது சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரை நோய்க்கான ரத்தக்கூறு இருப்பது 1952-லேயே பதிவானது, இந்தியாவின் முதல் பதிவுகளில் அதுவும் ஒன்று. அப்புறமும் ஓ.பி. சீட்டில் ‘கை கால் வலி’ என்று எழுதி முடித்துவிடுகிறோம்.

வலி அடங்கிவிட்டது, வீட்டுக்கு அனுப்பலாம்

இந்தத் தவறை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. ஒரு டிசம்பர் ராத்திரி, நல்ல பனி, பணியர் பழங்குடியினரின் குடியிருப்பிலிருந்து ஒரு பையனைத் தூக்கி வந்தார்கள், தொடையிலும் முதுகிலும் வலி. ஊசி போட்டேன், தூங்கினான், காலையில் அனுப்பிவிட்டேன். இரண்டாம் நாள் திரும்ப வந்தபோது காய்ச்சல், நெஞ்சு வலி, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 84 சதவீதம்தான். மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் இறங்கிய அந்த நேரத்தை நான் மறக்கவில்லை. பிழைத்துவிட்டான்.

அந்த வலி எலும்பின் மேல்பக்கத்தில் இல்லை, உள்ளே மஜ்ஜையில். வளைந்து விறைத்த சிவப்பணுக்கள் அங்குள்ள நுண்குழாய்களை அடைக்கும், ரத்தம் போகாத மஜ்ஜை செத்துப்போகும். செத்த மஜ்ஜையின் கொழுப்புத் துணுக்குகள் ரத்தத்தோடு ஓடி நுரையீரலில் சிக்கும். வலி தொடங்கி இரண்டு மூன்று நாள் கழித்து மூச்சு முட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே வலி அடங்கினாலும் கண்காணிக்க வேண்டும்: ஆக்சிஜன் அளவு, புதிய இருமல், காய்ச்சல். ஹீமோகுளோபினும் தட்டணுக்களும் சட்டென்று இறங்கினாலோ, ஆள் குழம்பிப் பேசினாலோ காத்திருக்காமல் ரத்தம் ஏற்றும் வசதியுள்ள இடத்துக்கு அனுப்புங்கள்.

ஐஸ் ஒத்தடம்

வேண்டவே வேண்டாம். குளிரில் குழாய்கள் இன்னும் சுருங்கும்.

டிரிப் நிறைய ஏற்றுவது

தண்ணீர்ச் சத்து குறைந்திருந்தால் ஈடுகட்டுங்கள், அதோடு நிறுத்துங்கள். மிஞ்சினால் நுரையீரலில் நீர் கோக்கும்.

இரும்பு மாத்திரை

இரும்புச் சத்துக் குறைபாடு இருக்கிறதா என்று சோதிக்காமல் கொடுக்காதீர்கள்.

நொண்டிக்கொண்டு வருகிறவர்

சில மாதம் கழித்து இடுப்பு வலி என்று வந்தால் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள். தொடையெலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் அது செத்துக்கொண்டிருக்கலாம், ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகத்தான் இருக்கும். எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பையனுக்கு நாங்கள் அதையும் தாமதமாகத்தான் எடுத்தோம்.