மாய ஏரி நாட்டுக்கு வரைபடம் எழுதுவது எப்படி

கற்பனை உலகக் கதை எழுதப் புகுகிறவர்களில் பலர் முதலில் எடுப்பது வெள்ளைத்தாளும் பென்சிலும்தான். அந்தத் தாளின் நடுவில் பெரும்பாலும் ஓர் ஏரி விழும். ஏரி விழுந்த கையோடு அதற்குள் ஒரு மாயமும் புகுந்துவிடும். பிறகு கரையெல்லாம் மாயக் காடு, தீவெல்லாம் மாயக் கோட்டை என்று பெருகிப்போய், எதையும் எங்கும் வைக்கலாம் என்கிற நிலை வந்ததும் வாசகருக்கு அந்த நிலத்தின்மேல் நம்பிக்கை போய்விடுகிறது. நான் கடைப்பிடிக்கும் முறை வேறு. மாயம் ஒன்றே ஒன்று இருக்கட்டும். மற்ற எல்லாவற்றிலும் தண்ணீர் தண்ணீராகவே நடந்துகொள்ளட்டும்.

ஆகவே மாயத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தப் பள்ளம் எப்படி உண்டானது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், ஏனென்றால் ஏரியின் வடிவம், ஆழம், கரையின் சரிவு மூன்றும் அதிலிருந்தே வருகின்றன. எரிமலையின் உச்சி உள்வாங்கி உண்டான ஏரி ஏறக்குறைய வட்டமாகவும் மிக ஆழமாகவும் இருக்கும். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலுள்ள கிரேட்டர் ஏரி சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் அப்படி உண்டானது. 594 மீட்டர் ஆழமுள்ள அதற்குள் எந்த ஆறும் வருவதில்லை, அதிலிருந்து எந்த ஆறும் புறப்படுவதில்லை, மழையும் பனியும்தான் வரவு. நிலம் பிளந்து தாழ்ந்ததால் உண்டான ஏரி நீளமாக, ஒடுங்கி, அடி காணாததாக இருக்கும். சைபீரியாவின் பைக்கால் 1,642 மீட்டர் ஆழம். ஆறு தன் பழைய வளைவைக் கைவிட்டுப் போனதால் மிஞ்சிய ஏரியோ பிறை வடிவில், இடுப்பளவு நீருடன், நாணலும் கொக்குமாக இருக்கும். பிறை ஏரியின் அடியில் கடல் பூதத்தைக் குடிவைத்தால் அது குனிந்தே வாழ வேண்டியிருக்கும்.

அடுத்தது வரத்தும் போக்கும். என் முதல் வரைபடத்தில் ஒரே ஏரியிலிருந்து மூன்று ஆறுகள் மூன்று கடல்களை நோக்கிப் பாய்ந்தன. அதைப் பார்த்த பாசனப் பொறியாளரான நண்பர் ஒருவர், “இந்த மூன்றில் தாழ்ந்த வாய் எது?” என்று மட்டும் கேட்டார். விடை தெரிந்த கணத்திலேயே மற்ற இரண்டு ஆறுகளையும் ரப்பரால் அழிக்க வேண்டியதாயிற்று. ஏரிக்குள் எத்தனை ஆறுகளும் வரலாம். வெளியேறுவது கரையின் மிகத் தாழ்ந்த இடத்தின் வழியாகத்தான், அந்த வாயை நீர் மேலும் மேலும் அரித்து ஆழமாக்கிக்கொள்வதால் அனேகமாக எப்போதும் அது ஒன்றாகவே இருக்கும். பைக்காலுக்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட ஆறுகள் வருகின்றன, வெளியேறுவது அங்காரா ஒன்றே. ஆறாகவோ நிலத்தடிக் கசிவாகவோ போக்கே இல்லாத ஏரியானால் நீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கும்; சாக்கடல் அதற்கு நாமறிந்த சான்று. உங்கள் கதையில் அப்படியோர் ஏரிக்கரையில் தலைநகரம் இருந்தால், அவர்கள் குடிக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதை வரைபடத்தில் காட்டியாக வேண்டும்.

மாயம் என்று நாம் நினைப்பதில் பாதியை மண்ணுலக ஏரிகளே செய்கின்றன என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். கம்போடியாவின் தொன்லே சாப் ஏரியிலிருந்து மேக்கோங் பேராற்றை நோக்கி ஓடும் ஆறு, மழைக்காலத்தில் மேக்கோங் பெருகியதும் திசை மாறி ஏரிக்குள் பாய்கிறது. வறண்ட காலத்தில் சுமார் 2,500 சதுர கிலோமீட்டராக இருக்கும் ஏரி அப்போது 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் விரிகிறது. கரையோர ஊர்களில் வீடுகள் உயர்ந்த கால்களின்மேல் நிற்பதும், சில ஊர்கள் ஊரோடு மிதப்பதும் அதனால்தான். மணிப்பூரின் லோக்டாக் ஏரியில் செடிகொடிகளும் மண்ணும் பின்னிப்பிணைந்த மிதக்கும் திட்டுகள் உண்டு. அவற்றின்மேல் சங்காய் மான்கள் மேய்கின்றன. இவற்றை அப்படியே எடுத்து உங்கள் உலகில் வைத்தால் அது மாயம் ஆகாது, நிலவியல்தான். ஆனால் வாசகர் அதை மாயமென்றே வியப்பார்.

இப்போது மாயத்துக்கு வருவோம். சிறியதாக, அளவிடக்கூடியதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் விளைவுகளை நிலத்தின்மேல் கடைசிவரை துரத்திச் செல்ல வேண்டும். அண்மையில் நான் வரைந்த ஏரி ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். நிலப்பிளவில் உண்டான அது 40 கிலோமீட்டர் நீளம், 9 கிலோமீட்டர் அகலம். மேற்கே செங்குத்து மலை, கிழக்கே மெல்லச் சரியும் வயல்வெளி. அதன் மாயம் இவ்வளவுதான்: நீர்ப்பரப்பு இன்றைய வானத்தைக் காட்டாது, நேற்று இதே நேரத்தில் இருந்த வானத்தைக் காட்டும்.

முதலில் படகோட்டிகளை நினைத்துப் பார்த்தேன். விண்மீன்கள் நாள்தோறும் ஏறக்குறைய நான்கு நிமிடம் முன்னதாக உதிப்பவை, ஆகையால் நேற்றைய வானத்துக்கும் இன்றைய வானத்துக்கும் திசையில் பெரிய வேறுபாடு இராது. மேலே மேகம் கவிந்த இரவிலும் நீருக்குள் நேற்றைய விண்மீன்கள் தெளிவாக இருக்கும், அவற்றைப் பார்த்தே துறை சேர்ந்துவிடலாம். ஆனால் மழை இரண்டாம் நாளும் நீடித்தால் மேலும் இருள், கீழும் இருள். எனவே அந்த நாட்டுப் படகோட்டிகள் அஞ்சுவது முதல் நாள் மழைக்கு அல்ல, இரண்டாம் நாள் மழைக்கு. அந்த இரவுக்காகவே கிழக்குக் கரையில் விளக்கு மேடுகள் எழுந்தன. வரைபடத்தில் ஐந்து மேடுகள் தாமாகவே வந்து உட்கார்ந்துகொண்டன.

பிறகு வழக்குமன்றம். ஓர் ஊரில் நேற்று தீ வைக்கப்பட்டதென்றால் அந்தப் புகை இன்று நீரில் தெரியும், ஆகவே நீதிபதிகள் கரையில்தான் அமர்வார்கள். ஆனால் நீர் அசையாமல் இருந்தால்தான் பிம்பம் நிற்கும். பகலில் நிலம் விரைவாகச் சூடேறுவதால் காற்று ஏரியிலிருந்து கரைக்கு வீசும், இரவில் அது திரும்பி வீசும். இரண்டுக்கும் இடையே விடியலில் சிறிது நேரம் காற்று ஓய்ந்திருக்கும். மன்றம் கூடுவது அப்போது மட்டுமே. அப்படியானால் விடியலில் நடந்தவற்றுக்கு மட்டுமே ஏரி சாட்சி சொல்லும், ஆகவே விவரமறிந்த குற்றவாளி அலையடிக்கும் பிற்பகலில்தான் தீ வைப்பான். புகார் சொல்பவர் மறுநாள் விடியலுக்குள் கரையை அடைந்தாக வேண்டும் என்பதால், மன்றத்தின் அதிகார எல்லை ஒரு நாள் நடைத்தொலைவு, அதாவது சமவெளியில் சுமார் 30 கிலோமீட்டர். மேற்கு மலையில் அதே ஒரு நாளில் பாதி தூரம்கூட நடக்க முடியாது, எனவே எல்லைக்கோடு அந்தப் பக்கம் ஒடுங்கிவிடுகிறது. அந்த ஒடுக்கத்துக்கு அப்பால் யார் குடியேறுவார்கள் என்று நான் யோசிக்கவே தேவைப்படவில்லை.

மாயத்தின் எல்லையையும் குறித்துவிடுங்கள். போக்கு ஆற்றில் அது எவ்வளவு தூரம் செல்லும், குடத்தில் மொண்ட நீரில் இருக்குமா, நாணல் மண்டிய சேற்றுக் குடாவில் நடக்குமா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை இருந்தால் போதும். என் ஏரியில் தெற்கு வாயிலுள்ள அருவியோடு மாயம் முடிகிறது. அந்த வாயில் ஒரு கோட்டை இருக்கிறது. மாயத்துக்காக அல்ல, வாயைப் பிடித்தவன் கீழ்நாட்டின் தண்ணீரைப் பிடித்தவன் என்பதற்காக.

அளவுகளில் கவனம் வேண்டும். கரையில் நிற்பவரின் கண் உயரத்திலிருந்து நீர்மட்டம் ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர் வரையே தெரியும். ஒன்பது கிலோமீட்டர் அகல ஏரியில் எதிர்க்கரை மணலோ, அதில் கையசைக்கும் காதலியோ தெரியாது, அதற்குப் பின்னாலுள்ள மலை தெரியும். 100 மீட்டர் குன்று, வானம் தெளிவாக இருந்தால், 40 கிலோமீட்டர் தொலைவிலிருந்தும் தலைகாட்டும்.

பெயர்களுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை. பாறையிடுக்கில் ஊறுவது சுனை, ஆழமானது கயம், இயற்கையாக அமைந்தது பொய்கை, ஆற்றின் நடுவிலோ ஏரியின் நடுவிலோ எழும் மேடு திட்டு, படகு சேருமிடம் துறை. ஏரி என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் கட்டிய கரையும் மதகும் கலிங்கும் எழுந்துவிடும் என்பதால், ஊருக்குள் வழங்கும் பெயராக அதை நான் வைப்பதில்லை. ஒரே நீருக்கு இரண்டு மக்கள் இரண்டு பெயர் இடுவதும் இயல்பு. படகோட்டிகள் அதை நேற்றுக்கயம் என்கிறார்கள். அதன் சாட்சியால் ஒரு வழக்கிலும் வென்றிராத மலைவாழ் மக்கள் பொய்யாடி, அதாவது பொய் காட்டும் கண்ணாடி, என்கிறார்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு பாத்திரத்தை வடக்கு ஊரில் விடியலில் எழுப்பி, தெற்குக் கோட்டைவரை நடத்திப் பாருங்கள். எந்த ஆற்றை எங்கே கடந்தாள், யாரிடம் படகுக்கூலி கொடுத்தாள், நண்பகல் வெயிலுக்கு எங்கே ஒதுங்கினாள், இருட்டியபோது நீருக்குள் எந்த நிலாவைப் பார்த்தாள் என்று எழுதுங்கள். விடை கிடைக்காமல் பேனா நிற்கும் இடத்தில் வரைபடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பென்சிலை அங்கே வையுங்கள்.