தென்சூடானின் பல்பரிமாண வறுமையை ஆராய்வது எப்படி?

புதுச்சேரியிலும் கடலூரிலும் பொருளியல் பயிலும் மாணவர்கள், வறுமையை வருமானத்தால் மட்டும் அளக்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். பல்பரிமாண வறுமைக் குறியீடு உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் ஆகிய 3 பரிமாணங்களில் 10 குறிகாட்டிகளைப் பார்க்கிறது. ஒவ்வொரு குறிகாட்டிக்கும் அதன் முக்கியத்துவத்தைக் காட்டும் ஓர் எடை உண்டு; ஒரு குடும்பத்துக்குக் குறையுள்ள குறிகாட்டிகளின் எடைகளைக் கூட்டி வரும் தொகை மூன்றில் ஒரு பங்கை எட்டினால் அக்குடும்பம் ஏழைக் குடும்பம். ஊட்டச்சத்துக்கு 1/6 எடை, சமையல் எரிபொருளுக்கு 1/18 எடை. பண்ருட்டிப் பக்கம் முந்திரி விறகில் சமைக்கும் ஒரு வீட்டை இவ்வாறு கணக்கிட்டுப் பழகினால் முறை எளிதில் பிடிபடும்.

அடுத்து, கணக்கெடுப்பு நடந்த ஆண்டைப் பாருங்கள்; இதைத் தவறவிட்டால் ஆய்வே பிழையாகும். தென்சூடானுக்கு நெடுங்காலம் பயன்பட்ட தரவு 2010ஆம் ஆண்டுக்குரியது. நாடு விடுதலை பெற்றதோ 2011 ஜூலை 9. உள்நாட்டுப் போர் மூண்டது 2013 டிசம்பரில். போரால் இடம்பெயர்ந்த குடும்பங்களின் துயரம் அந்தத் தரவில் இல்லை என்பது என்னை மிகவும் வருத்துகிறது.

பிறகு பணத்தின் வழியைத் தொடருங்கள். அரசின் வருவாயில் மிகப் பெரும்பகுதி எண்ணெயிலிருந்தே வருகிறது. அந்த எண்ணெயோ சூடான் வழியாகச் செல்லும் குழாய்களையே நம்பியிருக்கிறது. அக்குழாய்களில் எண்ணெயைக் கொண்டுசெல்லச் சூடானுக்குத் தரும் கட்டணம் பற்றிய தகராறில் 2012 ஜனவரியில் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. மக்களின் வரியைச் சாராமல் எண்ணெய்ப் பணத்தில் இயங்கும் ஆட்சி, படைத்தலைவர்களின் ஆதரவை வாங்குவதற்கு முன்னுரிமை தரும்போது பள்ளியும் மருத்துவமனையும் பின்தள்ளப்படுகின்றன. ஆகவே ஒவ்வொரு குறிகாட்டிக்கும் எதிரே, அதற்குரிய நிதியை யார் முடிவு செய்கிறார் என்று எழுதுங்கள்.