ஒரே ஆங்கிலச் சொல், துறைக்கொரு பொருள்: ‘செல்’லை வைத்துப் பழகலாம்

தெரியாத சொல் வந்தால் அகராதியைத் திறந்துவிடுவோம். தெரிந்த சொல் வந்தால் திறக்க மாட்டோம், சறுக்குவது அங்கேதான். செல் என்றால் கையில் இருக்கும் போன்தானே என்று படித்துக்கொண்டே போவோம். ஒரு பாடத்தில் அது இரண்டாகப் பிரியும், இன்னொன்றில் 1.5 வோல்ட் கொடுக்கும், வேறொன்றில் மழையும் இடியுமாகக் கொட்டும். பொருள்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது வீண்வேலை என்பது என் கருத்து, ஏனென்றால் பட்டியலில் இல்லாத பொருள் வந்ததும் மறுபடி முழிப்போம். அதற்குப் பதில் கீழே உள்ளபடி செய்து பாருங்கள்.

படி 1: அடிக்கருத்தைப் பிடியுங்கள்

நல்ல ஆங்கில அகராதிகள் பலவற்றில் ‘எட்டிமாலஜி’ என்று ஒரு பகுதி இருக்கும், சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்வது. பலரும் தாண்டிப்போகிற அந்த இரண்டு வரியை முதலில் படியுங்கள். செல்லுக்கு மூலம் இலத்தீன் ‘செல்லா’, அதாவது சின்ன அறை. மடத்தில் துறவி தங்குவதும் செல், சிறையில் கைதியை அடைப்பதும் செல். 1665-இல் ராபர்ட் ஹூக் ஒரு தக்கையை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தபோது தேனடை மாதிரி குட்டிக் குட்டி அறைகள் தெரிய, அவற்றுக்கும் இதே பெயரை வைத்தார். (அவர் பார்த்தது உயிரோடு இருந்த செல்கூட இல்லை, செத்துப்போன செல்களின் வெற்றுச் சுவர்கள். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.) 1947-இல் பெல் ஆய்வகத்துப் பொறியாளர்கள் ஊரை அறுகோண வட்டாரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆன்டெனா என்று யோசனை சொன்னார்கள், அந்த ஒரு வட்டாரம்தான் செல், செல்போன் என்ற பெயரும் அதிலிருந்து வந்ததுதான். எக்செல்லில் வரிசையும் நெடுவரிசையும் சந்திக்கிற கட்டம், பிரெய்லியில் ஓர் எழுத்துக்கான ஆறு புள்ளி இடம் என்று எதை எடுத்தாலும், பெரிய ஒன்றுக்குள் தடுத்துப் பிரித்த சின்ன இடம் என்ற கருத்து உள்ளே இருக்கும்.

படி 2: அக்கம்பக்கத்துச் சொற்களைக் குறியுங்கள்

பென்சிலால் அடிக்கோடு போடுங்கள். நியூக்ளியஸ், டிஷ்யூ என்று இருந்தால் உயிரியல். எலக்ட்ரோடு, ஆம்பியர் என்றால் மின்கலம். டவர், சிக்னல் என்றால் தொலைத்தொடர்பு. ஃபார்முலா, காலம் (நெடுவரிசை), ரோ (வரிசை) என்றால் எக்செல் மாதிரியான விரிதாள். இடிமழை, மேலெழும் காற்று என்றால் வானிலை.

ஆனால் ஒரே ஒரு சொல்லை நம்பி முடிவு கட்டிவிடாதீர்கள். ‘மெம்பிரேன்’ (சவ்வு) என்று கண்டதும் உயிரியல் என்று தோன்றும், சரி, ஆனால் ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் தரும் பல ஃபியூயல் செல்களிலும் மெம்பிரேன் உண்டு. வோல்ட் என்று வந்தால் மின்கலம் என்று நினைப்போம்; நரம்பு செல்லின் சவ்வுக்கு இருபுறமும் ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கிறது, அதுவும் வோல்ட் கணக்குதான். இரண்டு மூன்று தடயமாவது ஒரே திசையைக் காட்டட்டும்.

படி 3: ஜோடிச் சொல்லை ஜோடியாகவே தேடுங்கள்

‘மெமரி செல்’ என்று ஒரு வரியில் வருகிறது என்று வையுங்கள். மெமரிக்கு ஒரு பொருள், செல்லுக்கு ஒரு பொருள் என்று தனித்தனியாகப் பார்த்து ஒட்டினால் மூளையில் நினைவைச் சேமிக்கும் செல் என்று ஏதோ வந்து நிற்கும். நோயெதிர்ப்புத் துறையில் அது, முன்பு வந்துபோன கிருமியை அடையாளம் வைத்துக்கொண்டு அது திரும்ப வந்தால் வேகமாகக் கிளம்புகிற வெள்ளையணு. கணினித் துறையிலோ ஒரு பிட்டை, அதாவது ஒரு 0 அல்லது 1-ஐச் சேமிக்கிற சின்னச் சுற்று. டிராம் (DRAM) என்கிற கணினி நினைவகத்தில் பொதுவாக ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவுதான். தேடும்போது இரண்டு சொல்லையும் மேற்கோள் குறிக்குள் போட்டு, கூடவே படி 2-இல் கிடைத்த தடயத்தில் ஒன்றையும் சேர்த்துத் தேடுங்கள்.

படி 4: பேச்சுவழக்கு வேறு, துறைவழக்கு வேறு

கடிகாரத்தில் போடும் ஒற்றை செல்லை நாம் பேட்டரி என்போம், யாரும் தப்பாக நினைக்கப்போவதில்லை. மின்னியல் பாடத்தில் மட்டும் செல் என்பது ஒரு அலகு, பேட்டரி என்பது பல செல்களின் தொகுப்பு. சாதாரண 9 வோல்ட் பேட்டரிக்குள் 1.5 வோல்ட் செல்கள் ஆறு. கார்களில் இருக்கும் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியிலும் ஆறுதான், ஒவ்வொன்றும் சுமார் 2 வோல்ட். கணக்கில் ‘ஒரு செல்லுக்கு’ என்று கேட்டிருக்கும்போது பேட்டரிக்கு விடை எழுதினால் ஆறு மடங்கு தப்பாகும்.

படி 5: தமிழில் எழுதுவதாக இருந்தால்

உயிரியலுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் செல் என்றே இருக்கும், இலங்கையில் கலம் என்பார்கள், உயிரணு என்றும் எழுதலாம். எதை எடுத்தாலும் கட்டுரை முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள், பாதியில் மாற்றாதீர்கள். இன்னொன்று, தமிழிலேயே செல் என்றால் கரையான் என்றும் பொருள் உண்டு, செல்லரித்த ஓலை என்கிறோமே அதுதான். ஆகவே ‘செல் அழிந்தது’ என்று மொட்டையாக எழுதாமல் நரம்பு செல், மின்கலம், சிறை அறை என்று துறை தெரிய எழுதினால் வாசிப்பவருக்கு நிம்மதி.

படி 6: எல்லாச் சொல்லிலும் அடிக்கருத்தைத் தோண்டாதீர்கள்

கிரிக்கெட் பேட்டும் ஆங்கிலத்தில் வௌவாலைக் குறிக்கும் பேட்டும் ஒரே எழுத்துக்கூட்டல்தான், ஆனால் வேர் வேறு வேறு. இரண்டையும் இணைக்க எவ்வளவு மூளையைக் கசக்கினாலும் ஒன்றும் வராது. அகராதியில் தலைச்சொல்லுக்குப் பக்கத்தில் சின்னதாக 1, 2 என்று எண் போட்டுத் தனித்தனிப் பதிவாகக் கொடுத்திருந்தால், பெரும்பாலும் அவை வெவ்வேறு சொற்கள் என்று பொருள். அப்போது படி 1-ஐ விட்டுவிட்டு நேராகப் படி 2-க்குப் போய்விடுங்கள்.